ஐந்து வார நாய்க்குட்டிகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லை, பொங்கலுக்குள் கொடுத்துவிடலாமா?

கேள்வி (மயூர் விஹார், தில்லி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே டிசம்பர் தொடக்கத்தில் ஒரு தெருநாய் ஆறு குட்டிகளை ஈன்றது. குளிர் கடுமையானதால் தாயையும் குட்டிகளையும் எங்கள் வீட்டுப் பால்கனிக்குக் கொண்டுவந்து, தார்ப்பாய் கட்டி, சாக்கு விரித்து வளர்த்து வருகிறோம். தாய்க்குப் பால் வற்றத் தொடங்கியதால் பசும்பாலில் செரலாக் கரைத்தும், பால்சோறு பிசைந்தும் கொடுத்தோம்; அன்றிலிருந்து எல்லாக் குட்டிகளும் மஞ்சளாகக் கூழ்போலக் கழிகின்றன. மற்றவை ஒன்றரைக் கிலோவைத் தாண்டி ஓடி விளையாடும்போது, கறுப்புக் குட்டி ஒன்று மட்டும் வயிறு உப்பி, விலா தெரிய, 900 கிராமிலேயே சவலையாக நிற்கிறது. குடற்புழு மருந்து இதுவரை கொடுக்கவில்லை. இதற்கிடையில், குட்டி கேட்டிருந்த இரண்டு குடும்பத்தார் பொங்கலுக்குள் வேண்டும் என்று நெருக்குகிறார்கள். அப்போது குட்டிகளுக்கு ஆறு வாரம்தான் நிறைந்திருக்கும். என்ன செய்வது?

பதில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், ஆர்.கே. புரம்):

முதலில் பசும்பாலை நிறுத்துங்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்கும், பால்சர்க்கரையோ குறைவு. ஆகவே பசும்பாலை நம்பினால் சத்தும் போதாது, செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துக் கழிச்சலும் உண்டாகும். அதற்குப் பதில், குட்டிகளுக்கான உலர் தீவனத்தை வெந்நீரில் குழைய ஊறவைத்து, வெதுவெதுப்பாக நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள். ஓரிரு நாளைக்குக் குழைந்த சோற்றுடன் வேகவைத்த கோழிக்கறியும் கொடுக்கலாம். வெங்காயம், மசாலா எதுவும் சேரக் கூடாது.

உப்பிய வயிறும் தேறாத உடம்பும் புழுவைத்தான் நினைக்கச் செய்கின்றன. உருண்டைப்புழு பிறப்பதற்கு முன்பே தாயின் கருப்பை வழியாகவும், பிறந்தபின் பால் வழியாகவும் குட்டிக்குப் போய்ச் சேர்வதால், இரண்டு வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கொரு முறை மருந்து கொடுப்பதே வழக்கம். ஒவ்வொரு குட்டியையும் தனியாக எடை போட்டு, அதற்கேற்ற அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். தாய்க்கும் கொடுக்க வேண்டும். காக்சிடியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி இந்தப் புழுமருந்துக்கு அடங்காது என்பதால், புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப்போய்ப் பரிசோதித்துவிடுவது நல்லது.

கறுப்புக் குட்டியின் ஈறை இப்போதே விரலால் தொட்டுப் பாருங்கள். வழவழப்பின்றி விரலில் ஒட்டினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ தெள்ளுப்பூச்சியோ இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். எந்தக் குட்டியாவது வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து நாற்றமடிக்கக் கழிந்து, சோர்ந்து படுத்தால் அது பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோயாக இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பதில் (கரோல் பாக்):

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு இரண்டொன்று சேர்க்கிறேன். ஒரே தட்டில் ஆறும் சாப்பிட்டால் நோஞ்சான் குட்டிக்கு நக்குவதற்குத்தான் மிஞ்சும்; அதைத் தனியே பிரித்து முதலில் ஊட்டி, பிறகு தாயிடமும் தனியாகச் சிறிது நேரம் விடுங்கள். சமையலறைத் தராசில் தினமும் ஒரே வேளையில் நிறுத்து எழுதி வைத்தால், தேறுகிறதா என்பதில் ஊகத்துக்கு இடமிருக்காது.

சாக்கு ஈரமானால் குளிர் இரட்டிப்பாகும், ஆகவே அடியில் பலகை போட்டுச் சாக்கை அடிக்கடி மாற்றுங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டிகள் விலகிக்கொள்ளும். தார்ப்பாயால் மூடிய இடத்தில் அங்கீட்டி (குளிர்காயும் கரியடுப்பு) மட்டும் வேண்டவே வேண்டாம். கரிப்புகையால் மூடிய அறைகளில் மனிதர்களே மூச்சடைத்து இறப்பதை இந்த ஊரில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தியாகப் படிக்கிறோம்.

கேட்டவர்:

மிக்க நன்றி. பரிசோதனையில் உருண்டைப்புழு முட்டைகள் இருந்தன, காக்சிடியா இல்லை. பாலை நிறுத்தி, மருந்தும் கொடுத்தபின் ஐந்து குட்டிகளுக்கு மலம் கட்டிவிட்டது. கறுப்புக் குட்டியின் ஈறு சிவந்தே இருக்கிறது, எடையும் சிறிது கூடியிருக்கிறது, ஆனால் கழிச்சல் முழுவதும் நிற்கவில்லை. தேறிய ஐந்தையாவது பொங்கலுக்குக் கொடுக்கலாமா? தடுப்பூசி எப்போது?

பதில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், ஆர்.கே. புரம்):

கொடுக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நீங்கள் விற்பவர் அல்லர் என்றாலும் அந்த வயதுக்குக் காரணம் உண்டு: கடித்து விளையாடும்போது உடன்பிறந்த குட்டி கத்திக்கொண்டு விலகுவதிலிருந்துதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போகும் குட்டிக்கு அந்தப் பாடம் மிகவும் தேவை. நெருக்குபவர்களைப் பொங்கலன்று வந்து குட்டியோடு விளையாடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லுங்கள், ஏனெனில் உருண்டைப்புழு குழந்தைகளுக்கும் தொற்றும்.

தேறிய ஐந்துக்கும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போடலாம். கறுப்புக்குக் கழிச்சல் நின்றபின் போடுங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால் 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை அதைத் திரும்பப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில். மாநகராட்சியில் நாயைப் பதிவுசெய்ய அந்தச் சான்று தேவைப்படும். புழுமருந்து, தடுப்பூசித் தேதிகளை எழுதிய அட்டையையும், இப்போது சாப்பிடும் தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதையும் ஒவ்வொரு குட்டியோடும் கொடுத்தனுப்புங்கள்; தீவனம் திடீரென மாறினால் மறுபடியும் கழியும். பால் முற்றிலும் வற்றியதும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.