காப்பாறா, காவலாறா? ‘ஃபிரெஷ்வாட்டர் புரொடெக்டட் ஏரியா’வுக்குத் தமிழ்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆற்று மீன்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஃபிரெஷ்வாட்டர் புரொடெக்டட் ஏரியா’வுக்குப் ‘பாதுகாக்கப்பட்ட நன்னீர்ப் பகுதி’ என்று போட்டேன், வாயில் நிற்கவில்லை. காப்புக்காடு இருப்பதுபோலக் ‘காப்பாறு’ எனலாமா?

----

> பாதுகாக்கப்பட்ட நன்னீர்ப் பகுதி

வணக்கம் ஐயா. நீளத்தைவிட இதிலுள்ள ‘பகுதி’தான் எனக்கு உறுத்துகிறது. பகுதி என்றதும் எல்லைக்கல் நட்டு வளைத்த நிலம் கண்ணில் வருகிறது. புலிக்கு அது பொருந்தலாம். மீனுக்கு வேண்டிய தண்ணீரோ அந்த எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது.

மோயாற்றைப் பாருங்கள். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடுகிறது, இரு கரையும் புலிகள் காப்பகம். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர், 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய மீன், இன்று எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் மோயாறும் ஒன்று. ஆனால் மோயாற்றின் நீர்வரத்து மேலேயுள்ள பைக்காரா மின்திட்ட அணைகளின் கையில் இருக்கிறது. கீழே பவானிசாகர் அணை வழியை மறிக்கிறது. காட்டைக் காத்தாயிற்று, ஓட்டத்தைக் காக்கவில்லை.

காவிரி வனவிலங்கு சரணாலயத்தில் நடந்தது இன்னும் வலிக்கிறது. கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீரை லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்துக் காவிரியில் விட்டார்கள். மஹ்சீர் குறைகிறதே என்ற கவலையில் செய்ததுதான். அங்கிருந்த தூண்டில் முகாம்களின் பிடிப்புக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியதும் அந்த ஆற்றுக்குரிய மீன் அருகியதும் தெரிந்தன. திமில் மஹ்சீருக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான்: டோர் ரேமாதேவி. அதே ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக, அருகிவரும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் தெரியாத மீனை எந்தச் சரணாலயம் கணக்கில் வைத்திருக்கும்? பெரியாறு புலிகள் காப்பகத்து ஏரியிலும் அயல்மீன்களான திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புகுந்துவிட்டன.

ஆகவே சொல்லில் ‘ஆறு’ இருந்தே ஆக வேண்டும். அந்த வகையில் காப்பாறு அருமையான முயற்சி. ஒரே ஒரு சிக்கல், வேற்றுமை ஏற்கும்போது வருகிறது. ஆறு, ஆற்று என்று திரியும். ‘காப்பாற்று மீன்கள் குறைந்தன’ என்று எழுதிப் பாருங்கள். ‘காப்பாற்று’ என்ற ஏவலாகவே கண் படிக்கும்.

‘காவலாறு’ என்றால் இந்த இடர் இல்லை. காவலாற்றில், காவலாற்று மீன் என்று தடையின்றி வருகிறது. காவல்மரம் என்ற பழஞ்சொல் துணைக்கு இருக்கிறது.

----

ஐயா, காவல் என்றால் இப்போது எல்லாருக்கும் காவல்துறைதானே நினைவுக்கு வரும்? மற்றபடி எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. நான் தாமிரபரணிக் கரைக்காரன். கோடையில் ஓட்டம் அறுந்தால் மீன் ஒதுங்கும் ஆழத்தை எங்கள் பக்கம் கசம் என்போம், வேறு பக்கங்களில் மடு என்பார்கள். மணல் அள்ளிக் கசம் தூர்ந்துவிட்டால் கரையில் காடு இருந்து என்ன பயன்? வரையறையில் கசத்தையும் சேர்க்க வேண்டும்.

----

காவல்தெய்வம், ஊர்க்காவல் எல்லாம் இன்றும் பேச்சில் இருக்கிறதே ஐயா. அந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். கசம் கட்டாயம் வேண்டும். எனக்குத் தோன்றாமல் போயிற்று. சேர்த்துவிட்டேன்:

காவலாறு: அந்த ஆற்றுக்கே உரிய மீன்கள் முட்டையிடும் சரளைத் துறை முதல் கோடையில் ஒதுங்கும் கசம் வரை, நீரோட்டம் அறாமலும் அயல்மீன் விடப்படாமலும் காக்கப்படும் ஆற்று நீளம்.

இந்த வரையறைப்படி மோயாற்றைக் காவலாறு என்று உங்கள் கட்டுரையில் எழுத முடியாது. அங்கே ‘காப்பகத்துக்குள் ஓடும் ஆறு’ என்றே போடுங்கள்.