நகராட்சி ஊழியர் விவரங்களை ஆர்.டி.ஐ.யில் கேட்டவர்கள் எழுதுங்கள் (நீலகிரி, கொடைக்கானல்)

தேயிலைச்சரிவு, குன்னூர்

ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் என்று எந்த நகராட்சியாக இருந்தாலும், ஊழியர் விவரம் கேட்டு ஆர்.டி.ஐ.யில், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், போகும் மனு வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மனுவில் ஆளைக் கேட்டிருப்பார்கள். "இன்னாருடைய பணிப்பதிவேடு, சொத்து விவரம், லீவு விவரம், அவர் மேல் வந்த புகார்கள், எல்லாவற்றின் நகலும் வேண்டும்" என்று. மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே), வழங்க இயலாது.

பணியிடத்தைப் பிடித்துக் கேளுங்கள். உங்கள் வார்டில் குப்பை எடுக்க ஆள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மனு இப்படி இருக்கட்டும்:

"12-வது வார்டுக்கான சுகாதார ஆய்வாளர் பணியிடத்தில் 1.4.2024 முதல் 31.3.2025 வரை பணிபுரிந்தவர்களின் பெயர், பதவி, பொறுப்பேற்ற நாள், விடுவிக்கப்பட்ட நாள். அந்தக் காலத்துக்குரிய பணி ஒதுக்கீட்டு ஆணைகளின் நகல். 2025 ஜனவரி மாதத்தில் அந்த வார்டுக்கு ஒதுக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்களின் வருகைப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்."

இதில் ஒவ்வொன்றும் ஆபீசில் காகிதமாக இருக்கிறது. அதுதான் முக்கியம். "ஏன் ஆள் வரவில்லை, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கைவசம் உள்ள தகவலைத் தந்தால் போதும், புதிதாகத் தொகுத்தோ கருத்தாகவோ தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே, சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் சொல்லிவிட்டது. கேள்விக்குறி போட்ட வாக்கியம் மனுவில் ஒன்றுகூட வேண்டாம். பதிவேட்டின் பெயர், காலம், நகல். அவ்வளவுதான்.

காட்டேரி_முக்கு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஊழியர் பெயர்ப் பட்டியலும் ஒவ்வொருவரும் வாங்கும் மாதச் சம்பளமும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டியவை. சட்டத்தின் பிரிவு 4(1)(பி)-இல் 17 இனங்கள் இருக்கின்றன. 9-வது இனம் அலுவலர், பணியாளர் விவரத் தொகுப்பு, 10-வது இனம் மாத ஊதியம். ஆகவே மனுவின் முதல் வரியிலேயே "பிரிவு 4(1)(பி)(9), (10)-இன்படி வெளியிடப்பட்ட, நாளது வரை திருத்தப்பட்ட பட்டியலின் நகல்" என்று எழுதிவிட்டால், அதைத் தனிநபர் தகவல் என்று தள்ளுவது கஷ்டம். தானே வெளியிட வேண்டியதை மறைக்கிறேன் என்று எழுத்தில் எழுத வேண்டி வரும்.

சம்பளப் பட்டியல் வாங்கினால் மொத்தத் தொகையோடு நிற்காதீர்கள். மலை ஊர்களில் மலைப்படி, குளிர்காலப் படி என்று தனிப் பத்திகள் இருக்கும். பிடித்தம் பகுதியை (கூட்டுறவுக் கடன், எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு எண், பான் எண்) கறுப்படித்துத் தருவார்கள். அது சரிதான், பிரிவு 10 அதற்குத்தான் இருக்கிறது. மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். ஒரு பத்தி தனிப்பட்டது என்பதற்காகப் பக்கம் முழுவதையும் மறுத்தால், மேல்முறையீட்டில் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

நாடுகாணி மழை

நண்பர்களே, 2025 நவம்பருக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது, அதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் பிரிவு 44(3) நடைமுறைக்கு வந்து, ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே)-ஐத் திருத்திவிட்டது. முன்பு 8(1)(ஜே)-இல் "பொதுப் பணியோடு தொடர்பில்லாத", "தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடும்" என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. எல்லாம் போய்விட்டன. இப்போது தனிநபர் தகவல் என்றாலே விலக்கு. பழைய மாதிரி மனுக்களில் "நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத..." என்று எழுதியிருப்பதை அப்படியே நகலெடுத்துப் போடாதீர்கள். இல்லாத சட்ட வரியைக் காட்டினால் மனு முழுக்கப் பலவீனமாகிவிடும்.

தேயிலைச்சரிவு, குன்னூர்

உண்மை அண்ணா. ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: பொது நலன், பாதிப்பைவிட மேலோங்கினால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம். முன்பு அது ஒப்புக்குச் சேர்க்கும் வரி. இனி அதுதான் மனுவின் முதுகெலும்பு. பிரிவு 4-ஐயும் இந்தத் திருத்தம் தொடவில்லை.

8(2)-ஐ எழுதும்போது "பொது நலன் கருதி" என்று இரண்டு சொல்லில் விட்டுவிடுகிறார்கள். எந்த நலன் என்று சொல்ல வேண்டும். சரிவில் அனுமதிக்கு மாறாக எழும்பிய கட்டடம் என்றால் இப்படி: "மேற்படி கட்டடத்துக்குக் கீழே குடியிருப்புகளும் நடைபாதையும் உள்ளன. களஆய்வு செய்து அறிக்கை அளித்த பணியிடத்தில் யார் இருந்தார் என்பது, அங்கு வசிப்போரின் உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது." 2009 நவம்பர் மண்சரிவை மறக்காத மாவட்டம் இது. இந்த வாதத்தை மேல்முறையீட்டு அலுவலர் எளிதில் ஒதுக்க முடியாது. சட்டப்படி நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லைதான், பிரிவு 6(2). ஆனாலும் 8(2)-ஐ நம்பிப் போகிறவர் காரணத்தை எழுதத்தான் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பேரிக்காய்த்தோட்டம், கொடை

கேட்டால் கிடைக்கவே கிடைக்காதவற்றை ஒரு பட்டியலாகச் சொல்லிவிடுகிறேன், வீண் அலைச்சல் மிச்சமாகும். ஊழியருக்குக் கொடுத்த குறிப்பாணை, விளக்கம் கேட்ட கடிதம், தண்டனை ஆணை, சொத்துக் கணக்கு, வருமான வரிப் படிவம்: இவை தனிப்பட்டவை என்று கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுப்புக் கடிதங்களில் அதிகம் தென்படும் பெயர் இதுதான். ஒரு வங்கிக் கிளையின் எழுத்தர்கள் அத்தனை பேரின் பணிச் சேர்க்கை, பதவி உயர்வு, இடமாறுதல் விவரங்களைக் கேட்டதை 2017-இல் கனரா வங்கி வழக்கில் மறுத்தார்கள். "நகராட்சி ஊழியர் அனைவரின் 10 ஆண்டு இடமாறுதல் விவரம்" என்று வலையை அகல விரித்தால் இந்தத் தீர்ப்பு தானாக வந்து நிற்கும். ஒரு பணியிடம், ஒரு ஆண்டு என்று சுருக்குங்கள்.

ஊழியரின் கல்விச் சான்று, சாதிச் சான்று நகலும் வராது. போலிச் சான்று என்று சந்தேகம் இருந்தால் முதலில் ஆணையருக்கும் நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பிறகு ஆர்.டி.ஐ.யில் "எனது இன்ன தேதியிட்ட புகாரின் ந.க.எண் (நடப்புக் கடித எண்), அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், அனுப்பிய கடிதங்களின் நகல்" என்று கேளுங்கள். இப்போது நீங்கள் கேட்பது உங்கள் புகாரின் கதியை. அதை மறுக்க 8(1)(எச்), அதாவது விசாரணைக்கு இடையூறு என்று எழுதுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது. தகவல் தருவது அதை எப்படித் தடுக்கும் என்று அவர் விளக்க வேண்டும்.

தன் பணிப்பதிவேட்டைத் தானே கேட்கும் ஊழியருக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஓய்வு பெறப்போகிறவர்கள் முன்கூட்டியே வாங்கி, ஊதிய நிர்ணயமும் விடுப்புக் கணக்கும் சரியா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. பழைய பதிவேடுகளில் மலை ஈரம் பட்டு மை ஊறிப்போன பக்கங்கள் இருக்கும். அவற்றுக்கு நகல் மட்டும் கேட்காமல் "நேரில் பார்வையிட" என்றும் சேர்த்துக் கேளுங்கள், பிரிவு 2(ஜே). முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

வெலிங்டன் பேரக்ஸ்

குன்னூர்ப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. வெலிங்டன் கண்டோன்மெண்ட் போர்டு நகராட்சி கிடையாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ஆகவே மத்திய அரசு விதிகள். மாநில அலுவலகங்களுக்கு ஒட்டும் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) அங்கே செல்லாது. தபால் ஆபீசில் 10 ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர் வாங்கி, அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு எழுதி இணைக்க வேண்டும். இரண்டாம் மேல்முறையீடும் சென்னைக்குப் போகாது. டில்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. ஜெகதளா, கேத்தி மாதிரி பேரூராட்சிகளில் செயல் அலுவலரின் அலுவலகத்துக்கு மனு போக வேண்டும். அங்கே நீதிமன்ற வில்லை செல்லும்.

முகவரி தவறினால் பிரிவு 6(3) இருக்கிறது. 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஆனால் நடைமுறையில் தவறான கட்டணத்தோடு போன மனு மாற்றப்பட்ட இடத்தில் மாட்டிக்கொள்ளும். எல்லை தெரிந்துகொண்டு அனுப்புவதே மேல்.

காட்டேரி_முக்கு

வில்லையைப் பற்றிச் சின்ன விஷயம். ஜூன், ஜூலை ஈரத்தில் அதன் பின்பக்கப் பிசின் பிடிக்காது. உறைக்குள்ளேயே உதிர்ந்துவிடும், அங்கே "கட்டணம் இணைக்கப்படவில்லை" என்று திருப்புவார்கள். ஃபெவிகால் தடவி, முதல் பக்கத்தின் வலது மேல் மூலையில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள். வில்லை மேல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், பயன்படுத்தியது என்று சொல்ல இடம் கொடுக்கும். மனுவின் கடைசியில் "ரூ.10-க்கான நீதிமன்ற வில்லை ஒட்டப்பட்டுள்ளது" என்று எழுதி, ஒட்டிய பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள்.

தபாலிலும் ஒரு மாற்றம். பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் பட்டுவாடாச் சான்று வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 30 நாள் கணக்கு நீங்கள் அனுப்பிய நாளில் தொடங்காது, அவர்கள் கையில் கிடைத்த நாளில்தான் தொடங்கும். மழையில் சாலை அடைபட்டால் இரண்டுக்கும் நடுவே நாட்கள் ஓடிவிடும்.

நாடுகாணி மழை

நாள் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நல்ல மனுக்கள் இங்கேதான் சாகின்றன.

மனு ஜூன் 3 அன்று கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 3-க்குள் பதில் வர வேண்டும். ஊழியர் சம்பந்தப்பட்ட தகவல் என்பதால் பிரிவு 11-இன்படி அந்த ஊழியருக்கு 5 நாளில் அறிவிப்பு கொடுத்து, அவர் கருத்துச் சொல்ல 10 நாள் விட்டால், மொத்தம் 40 நாள் எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் "தரக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. அது ஒரு கருத்து. முடிவு எடுக்க வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர்.

ஜூலை 3-லும் பதில் இல்லை, பிரிவு 11 அறிவிப்பும் இல்லை என்றால் ஆகஸ்ட் 2-க்குள் முதல் மேல்முறையீடு. நம் மாநிலத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. யாருக்கு அனுப்புவது என்பது மறுப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும், பிரிவு 7(8). கடிதமே வராவிட்டால் அலுவலக வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். பொதுத் தகவல் அலுவலர், மேல்முறையீட்டு அலுவலர் இருவர் பதவியும் எழுதியிருக்கும். முதல் மேல்முறையீட்டில் 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள். அதன்பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய். அதைக் கட்டச் சொல்லும் கடிதம் வந்த அன்றே போய்க் கட்டுங்கள், ஏனென்றால் கடிதம் அனுப்பிய நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்டவை 30-இல் சேராது. கெடு தாண்டிக் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டாம், பிரிவு 7(6)-இன்படி இலவசம் என்று பதில் எழுதுங்கள்.

பேரிக்காய்த்தோட்டம், கொடை

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. இன்று தெருவில் இறங்கி வேலை செய்பவர்களில் பலர் தனியார் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அவர்கள் பெயரைக் கேட்டால் "எங்கள் ஊழியர் அல்ல" என்று பதில் வரும். நகராட்சி அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்த காகிதத்தைக் கேளுங்கள். ஒப்பந்தம், மாதாந்திரப் பில், பில்லோடு இணைத்த வருகைப் பட்டியல், அந்த மாதத்துக்கு பி.எப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய செலான். இவற்றைப் பார்க்காமல் பில் பாஸ் ஆகியிருக்கக் கூடாது, ஆகவே கோப்பில் இருந்தாக வேண்டும். பில்லில் 40 பேர், செலானில் 28 பேர் என்று வந்தால், 12 பேருக்குப் பிடித்த பணம் எங்கே என்று பி.எப். அலுவலகத்துக்குப் புகார் எழுத அந்த இரண்டு காகிதங்கள் போதும். அதிகாலைப் பனியில் கையுறை இல்லாமல் குப்பை அள்ளுகிறவர்களின் காசு அது. அவர்களில் ஒருவரே தன் பெயருக்கான வரியை மட்டும் கேட்டு மனுப் போட்டால் மறுக்க எந்தப் பிரிவும் இல்லை. சங்கத்தின் பெயரில் போட வேண்டாம். சட்டம் குடிமக்களுக்குத்தான், தனி ஆள் பெயரில் கையெழுத்து இருக்கட்டும்.

தேயிலைச்சரிவு, குன்னூர்

அக்கா சொன்ன செலானுக்கு அடிக்கடி வரும் பதில் "கோப்பு கிடைக்கப்பெறவில்லை". அது சட்டத்தில் உள்ள விலக்கு அல்ல. முதல் மேல்முறையீட்டில் மூன்று காகிதம் கேளுங்கள்: அந்தக் கோப்பு எண் பதிவான தன்பதிவேட்டுப் பக்கம் (எழுத்தர் தன்னிடம் வரும் தபால்களைப் பதியும் ஏடு), கோப்பு முடிக்கப்பட்டிருந்தால் அதற்கு இட்ட முடிவுக் குறி (ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ். என்று இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புக் காலம் வேறு), அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பதிவேட்டின் பக்கம். மூன்றும் இல்லை என்று எழுதிக் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் கோப்பு கிடைத்துவிடும்.