புது வீட்டு முன்னறைக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. தோட்டத்து லயத்திலிருந்து (வரிசை வீட்டிலிருந்து), இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடி தனிவீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். பெயின்ட் அடித்தாயிற்று. அறைகளை நிறைவாக்கத்தான் உங்கள் உதவி வேண்டும்.

பெரிய தொல்லை ஈரம். தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்கில் வெயிலைக் காண முடியாது. சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலுமாரி ஒன்று வாங்கினோம். ஒரே மழைக்காலத்தில் அடிப்பலகை ஊதி, பின்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இனி இரும்பு அலுமாரி வாங்குவதா, நல்ல மரத்தில் செய்விப்பதா? கம்பளிகள் வைக்கக் கட்டிலுக்கு அடியில் லாச்சி (இழுப்பறை) செய்தவர்கள் இருந்தால் படம் போடுங்கள்.

அப்புறம், அம்மா 30 வருஷம் தலையில் மாட்டித் தேயிலைக் கொழுந்து பறித்த கூடை இருக்கிறது. முன்னறைச் சுவரில் அதைத்தான் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. கடையில் விற்கும் அருவிப் படம் எதுவும் அதற்கு ஈடாகாது. பிரம்பு உளுத்துப்போகாமல் இருக்க வார்னிஷ் பூசலாமா, நிறம் மாறிவிடுமா? பக்கத்தில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தையும் வைக்கப்போகிறேன். இருப்பது அந்த ஒரே பிரதிதான். சட்டத்தின் பின்னால் தக்கைத் துண்டுகள் ஒட்டி, சுவரில் படாமல் மாட்டினால் ஈரம் ஏறாதா? ஹட்டன், நுவரெலியாப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.