மடக்கு சைக்கிள்: முன்பல்லைக் குறைப்பதா, பின்பல்லைக் கூட்டுவதா?

மண்டபம்வாசி:
இருபது இஞ்ச் மடக்கு சைக்கிள். முன்னால் 52 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு கியர். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் மண்டபம் பக்கமாகத் திரும்பினால் காற்று நேரே நெஞ்சில். அடியில் படகு போவதற்காகப் பாலத்தை நடுவில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், அந்த ஏற்றமும் சேர்ந்துகொள்கிறது. முதல் கியரிலேயே முழங்கால் வலிக்கிறது. செயின்வீலை, அதாவது பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தை, 42 பல்லுக்கு மாற்றலாமா?

தொண்டி டபுள்பெல்:
வேண்டாம் தம்பி. முன்னால் கை வைக்காமல் பின்னால் 14–34 பிரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) போடுங்கள். இந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் ஓடும். இப்போது முதல் கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு 2.8 மீட்டர் போகிறீர்கள்; இது குறையக் குறைய மிதி லேசு. 42-க்கு 28 போட்டாலும் 2.3, 52-க்கு 34 போட்டாலும் 2.3. ஏறுவதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 42 போட்டால் டாப் கியர் 5.6 மீட்டரிலிருந்து 4.5-க்கு இறங்கிவிடும். அதை ஏன் இழக்க வேண்டும்?

உப்புக்காத்து:
அண்ணே, அந்த 34 பிரீவீலின் பற்களை எண்ணிப் பார்த்தீர்களா? 14, 16, 18, 20, 22, 24, அப்புறம் ஒரே தாவாக 34. எதிர்காற்றில் நமக்கு வேண்டியது அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. 24-ல் கனக்கும், 34-ல் பிடிப்பே இல்லாமல் கால் சுற்றும். 28 பிரீவீலில் கடைசித் தாவு நாலே பல். காற்று கூடிக் குறையும்போது ஒவ்வொரு கியராக இறங்கலாம்.

இன்னொன்று, 34-க்குக் கை நீளமான டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) வேண்டும். இருபது இஞ்ச் சக்கரத்தில் அது தரையை ஒட்டித் தொங்கும். தனுஷ்கோடி ரோட்டில் மணல் குறுக்கே ஓடுகிற நாளில் அதன் குட்டிச் சக்கரங்கள் நறநறப்பதைக் கேட்டிருக்கிறீர்களா?

தொண்டி டபுள்பெல்:
மணல் எந்த டீரெய்லரிலும்தான் ஏறும். தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்கு வரும்போது தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். 52-க்கு 14-ல் நிமிடத்துக்கு 80 மிதி மிதித்தால் 27 கிலோமீட்டர் வேகம். 42-ஐ வைத்துக்கொண்டு அதே வேகத்துக்குக் காலை மிக்ஸி மாதிரி சுற்றணும்.

உப்புக்காத்து:
42-லும் 22 கிலோமீட்டர் கிடைக்கிறதே. மீதி ஐந்து கிலோமீட்டருக்குக் காற்றையே தள்ளச் சொல்லிவிட்டு மிதிக்காமல் உட்காருங்கள்! கேட்டவருக்கு வலிப்பது முழங்கால். தொண்டிக்கு யார் முதலில் வந்து சேர்வது என்று அவர் கேட்கவில்லை.

கீழக்கரை மாமா:
ரெண்டு பேரும் கடல்காற்றின் உப்பை மறந்துவிட்டீர்கள். மூன்று கியர் ஹப் (கியரெல்லாம் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே இருப்பது) போடுங்கள். பழைய இங்கிலாந்து ஹப்பில் கீழ் கியர் நடுவிலுள்ள நேர் கியரைவிட 25 சதவீதம் லேசு, மேல் கியர் 33 சதவீதம் கனம். எல்லாம் டப்பாவுக்குள் எண்ணெயில் கிடக்கும்.

உப்புக்காத்து:
நல்ல சாமான்தான் மாமா. ஆனால் சக்கரத்தைப் பிரித்துப் புது ஸ்போக் கட்டணும், பின்கவட்டை அகலம் ஒத்துவரணும். அச்சு உட்காரும் வெட்டு செங்குத்தாக இருந்தால் செயினை இழுத்துக் கட்ட முடியாது, டென்ஷனர் வேண்டும். அதுவும் கீழேதான் தொங்கும்.

மண்டபம்வாசி தம்பிக்கு: முதலில் செயின்வீல் போல்ட் போட்டதா, கிராங்கோடு (பெடல் மாட்டும் கையோடு) சேர்த்து ரிவெட் அடித்ததா என்று பாருங்கள். ரிவெட் என்றால் கிராங்கோடு மாற்றணும். பத்துப் பல் குறைந்தால் செயினில் ஐந்து கண்ணி நீளம் மிஞ்சும். கண்ணி ஜோடியாகத்தான் கழலும், அதனால் நாலு எடுத்தால் போதும். டீரெய்லர் பழையதே ஓடும். பிரீவீலை மாற்றுவது அப்படியில்லை. நம் பக்கத்து உப்பில் அது ஹப்போடு இறுகிக் கிடக்கும். அதைக் கழற்றும் ரிமூவரைப் பெஞ்ச் வைஸில் (மேசைப் பிடியில்) கடிக்கவிட்டு, சக்கரத்தையே லாரி ஸ்டியரிங் போல இரண்டு கையாலும் திருப்பணும்.

தொண்டி டபுள்பெல்:
வைஸ் இல்லாத லேத் பட்டறை எந்த ஊரில் இருக்கிறது? பத்து நிமிட வேலை.

மண்டபம்வாசி:
பார்த்தேன், ரிவெட்தான். 42 கிராங்க் செட்டே வாங்கிவிடுகிறேன். மடக்கி ரயிலில் ஏற்றும்போது சின்னச் செயின்வீல் வேட்டியிலும் மாட்டாது. கிராங்கைக் கழற்றும் புல்லர் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

தொண்டி டபுள்பெல்:
என்னிடம் இருக்கிறது, தருகிறேன். கழற்றுகிற 52-ஐப் பழைய இரும்புக்குப் போடாமல் எனக்குக் கொடுத்துவிடுங்கள். திரும்பக் கேட்டு வந்தால் தர மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.