பூட்டனார் வண்டி ஆசாரி: ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பட்டர்வொர்த் வாசகர்
வணக்கம். என் பூட்டனார் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து மலேயாவுக்கு, பினாங்கு பக்கம் பத்து காவான் என்ற ஊரின் கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஆசாரி. ஊர் 'நல்லூர்' என்று மட்டும் சொல்லிக் கேள்வி. கையில் இரண்டே தடயம். ஒரு தாளில் 'விரோதி வருஷம் பங்குனி, நாகப்பட்டணம் கப்பல்'. பழைய கணக்கு நோட்டில் 'குடம் 2, வட்டை 12, ஆரக்கால் 24'. 1889 கப்பல் பட்டியலைத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

ஏட்டுப்பித்தன்
முதலில் ஆண்டைத் திருத்துங்கள். விரோதி 1889 சித்திரையில் பிறந்தது. அதன் பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும், அதாவது 1890 மார்ச் - ஏப்ரல். மார்கழி பாதிக்குமேல் வரும் எந்தத் தேதிக்கும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். அறுபதாண்டுச் சுற்று என்பதால் 1829-30, 1949-50 ஆண்டுகளும் விரோதிதான். பாட்டனார் பிறந்த ஆண்டை வைத்து அவற்றைத் தள்ளிவிடலாம்.

நோட்டில் இருப்பது ஒரு மாட்டுவண்டிக்கான ஜோடிச் சக்கரம். சக்கரத்துக்கு நடுவில் குடம் ஒன்று, சுற்றிலும் வளைமரமான வட்டை ஆறு, வட்டைக்கு இரண்டாக ஆரக்கால் பன்னிரண்டு. எல்லாம் மரவேலை. இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றுவது கொல்லர் வேலை. ஆகவே பூட்டனார் தச்சர் என்றே தோன்றுகிறது. அடுத்த பக்கங்களையும் பாருங்கள். பட்டையும் கடையாணியும் அவர் செய்த வேலையாகவே வந்தால் கதை மாறும்.

எழும்பூர்வாசி
தச்சரா கொல்லரா என்பது ஏன் முக்கியமென்றால், ஊர்த் தொழிலாளிக்கு விட்ட மானிய நிலம் தொழில் பெயரில்தான் இருக்கும். 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் கிராமம் கிராமமாக மானியங்களை விசாரித்தது. அந்த இனாம் பதிவேட்டில் நிலத்தின் அளவு, அனுபவிப்பவர் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் வரும். பூட்டனாரின் அப்பாவோ தாத்தாவோ அதில் அகப்படலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தாலுகா, கிராமம் சொல்லிக் கேட்க வேண்டும். ஆசாரி பெயரை மட்டும் சொன்னால் யாராலும் எடுத்துத் தர முடியாது. பதிவேட்டில் இல்லையென்றால் ஊரே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பல ஊர்களில் தச்சருக்கு நிலம் கிடையாது, அறுவடைக் களத்தில் நெல்தான் கூலி.

நல்லூர் என்ற பெயரில் அந்தப் பக்கம் ஏகப்பட்ட ஊர்கள். குலதெய்வம் எது, முதல் மொட்டை எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாதி நல்லூர்கள் அங்கேயே கழிந்துவிடும்.

நிபோங் திபால் பக்கம்
கப்பல் பட்டியலை விட்டுவிடுங்கள் ஐயா. ஒப்பந்தக்கூலி முறை இங்கே 1910 வரை இருந்தாலும், நேட்டாலுக்கும் பிஜிக்கும் இருப்பதுபோல் ஆள்வாரிப் பட்டியல் நமக்குக் கிடைக்காது. பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேசியப் பதிவிலாகாவில் கேட்டு, தகப்பன் தொழிலாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கிராணி, அதாவது குமாஸ்தா, காதில் விழுந்ததை எழுதியிருப்பார்: ஆச்சாரி, அசாரி, சாரி. எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். மரணப் பதிவில் வயது 50, 60 என்று முழு எண்ணாக இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

பூட்டனார் துண்டு நிலமாவது வாங்கியிருந்தால் அதிர்ஷ்டம். பினாங்கிலும் செபராங் பிறையிலும் 1960கள் வரை கிரயப் பத்திர முறைதான். அந்தக்கால ஆங்கிலப் பத்திரங்களில் வாங்குபவர் வசிக்கும் இடமும் தொழிலும் எழுதுவது வழக்கம். அடியில் தமிழ்க் கையெழுத்தே இருந்தாலும் இருக்கும்.

பட்டர்வொர்த் வாசகர்
நோட்டின் அடுத்த பக்கத்தில் 'பட்டை போட்ட வகையில் கொல்லருக்குக் கூலி' என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் தச்சர்தான். குலதெய்வம் ஐயனார் என்று அத்தை சொல்கிறார்.

எழும்பூர்வாசி
ஐயனார் ஊருக்கு ஊர் உண்டு. ஐயனாருக்கு முன்னால் ஒரு அடைமொழி இருக்கும், அதைக் கேளுங்கள்.