டெக்சஸில் ஆன்லைன் பி.பி.ஏ.: இங்கேயே குடியிருந்தும் வெளிமாநிலக் கட்டணம் போட்டிருக்கிறார்கள், என்ன செய்வது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறோம். நாத்தனார் மனுப் போட்டு, கிரீன் கார்டோடு குடும்பமாக வந்து பத்தொன்பது மாதம் ஆகிறது. ஊரில் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றவள் நான். மூன்றாம் வருட ஃபீஸ் கட்டும் நேரத்தில் கல்யாணம், அப்புறம் குழந்தை. இந்த ஆகஸ்டில் பையன் கிண்டர்கார்டன் போகிறான். விட்ட படிப்பை இப்போதாவது முடித்துவிட வேண்டும் என்று, டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைன் அக்கவுன்டிங் பி.பி.ஏ.வுக்கு விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்துவிட்டது.

நேற்று ராத்திரி பில் வந்தது. இரண்டு பாடம், 6 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), 4,700 டாலர். நான் நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கு 2,100 சொச்சம். பையனைத் தூங்க வைத்துவிட்டு வந்து மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்த பிறகுதான் 'நான்-ரெசிடென்ட் டியூஷன்', அதாவது வெளிமாநிலக் கட்டணம் என்ற வரி கண்ணில் பட்டது. இந்த ஊரில்தானே இருக்கிறேன், நான் எப்படி வெளிமாநிலத்துக்காரி?

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. வேறு மாநிலத்துத் தனியார் ஆன்லைன் கல்லூரி ஒன்றில் சும்மா விவரம் கேட்டு நம்பர் கொடுத்திருந்தேன். ஒரு நாளைக்கு நாலு போன் வருகிறது. "உங்கள் இந்தியக் கிரெடிட் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வோம், வெள்ளிக்கிழமைக்குள் 500 டாலர் கட்டினால் ஸ்காலர்ஷிப் உறுதி, மீதிக்கு லோன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்கிறார்கள். வீட்டுக்காரர் ஒரு மளிகைக் கடையில் மேனேஜர். "படி, ஆனால் கடன் மட்டும் யோசித்து வாங்கு" என்று சொல்லிவிட்டார். அரசுப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்க நான்கு வாரம் இருக்கிறது. எதைச் செய்வது என்று தெரியவில்லை.

நெய்தல்:

அந்த 500 டாலர் இன்னும் கட்டலைன்னா கட்டாதீங்க சகோதரி. மீதி எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

இங்கே ஒரு கல்லூரி அட்மிஷன் ஆபீஸில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். நீங்க சொல்றது வாரத்துக்கு ஒண்ணாவது வரும். பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும். விண்ணப்பத்தில் ரெசிடென்சி, அதாவது நீங்க இந்த மாநிலத்தவரான்னு பார்க்கிற கேள்விகள் ஒரு பகுதியா வந்திருக்கும், அதில் வேலை பற்றின கேள்விக்கு என்ன போட்டீங்க? அபார்ட்மென்ட் லீஸ், லைட் பில் எல்லாம் யார் பேர்ல இருக்கு?

வைகைக்கரை:

நன்றி அண்ணா. வேலை இல்லை என்று போட்டேன், உண்மையும் அதுதானே. சொந்த வீடு, தொழில் எதற்கும் 'இல்லை'. லீஸ் அவர் பேரில், என் பெயர் கூடக் குடியிருப்பவர் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. லைட் பில், கார் எல்லாம் அவர் பேரில்தான். டிரைவிங் லைசென்ஸ் எனக்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் கிடைத்தது.

கணக்குப்பிள்ளை:

அதேதான். நீங்க பொய் எதுவும் சொல்லலைம்மா. கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் பதில் போட்டிருக்கீங்க, ஆனா உங்க வீட்டுக்காரர் வழியா உங்களுக்கு உரிமை இருக்குன்னு அந்தப் பதில்களில் எங்கேயும் வரலை. படிவத்தில் 'இல்லை, இல்லை'ன்னு வரிசையா இருந்தா சிஸ்டம் உங்களை வெளிமாநிலம்னு போட்டுடும். யாரும் உட்கார்ந்து ஆராய்ஞ்சு முடிவு பண்ணினது இல்லை அது.

டெக்சஸ் விதி என்னன்னா, 12 மாசம் தொடர்ந்து இங்கே வசிச்சிருக்கணும், இங்கேயே நிலையா இருக்கிற நோக்கத்துக்கு ஆதாரம் வேணும். வெறுமனே குடியிருந்தா போதாது. 12 மாசம் இங்கே வேலை பார்த்ததுக்கான கடிதம், வீட்டுப் பத்திரம், சொந்தத் தொழில், இவற்றில் ஒண்ணு பெரும்பாலும் கேட்பாங்க. இதெல்லாம் இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு: டெக்சஸில் 12 மாசம் நிலையா வசிக்கிறவரோட திருமணம் ஆனவர்ங்கிற சான்று, கூடவே அந்தத் துணைவரோட ஆதாரங்கள். உங்களுக்குப் பொருந்துறது இதுதான். கிரீன் கார்டு இருக்கிறதால குடியேற்ற நிலையில் தடையே இல்லை.

இப்போ செய்ய வேண்டியது. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு மெயில் போட்டு, ரெசிடென்சியை மறுபரிசீலனை பண்ணணும்னு கேளுங்க. அதுக்குன்னு தனிப் படிவம் அனுப்புவாங்க. அதோட திருமணச் சான்றிதழ் (தமிழில் மட்டும் இருந்தா ஆங்கில மொழிபெயர்ப்பு), வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு கடிதம், லீஸ் முழுசா, பன்னிரண்டு மாச லைட் பில், உங்க ரெண்டு பேர் கிரீன் கார்டு நகல். கடைக் கடிதத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. "இவர் எங்களிடம் வேலை செய்கிறார்"னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வருவாங்க, அது செல்லாது. எந்தத் தேதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு லெட்டர்ஹெட்டில் இருக்கணும்.

சென்சஸ் தேதிக்கு, அதாவது கல்லூரி மாணவர் எண்ணிக்கையை அதிகாரப்பூர்வமா எடுக்கிற நாளுக்கு முன்னாடி இது முடியணும். நீண்ட செமஸ்டரில் அது பன்னிரண்டாவது வகுப்பு நாள். அந்தத் தேதியை வெச்சுத்தான் 12 மாசத்தையும் எண்ணுவாங்க. இன்னொண்ணு, முடிவு வர்றதுக்குள்ள பணம் கட்டும் கெடு வந்தா பாடத்தையே நீக்கிடுவாங்க. அதனால தவணைத் திட்டத்தில் சேர்ந்து முதல் தவணையை மட்டும் கட்டி இடத்தைக் காப்பாத்திக்குங்க. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் தவணை வசதி கொடுத்தே ஆகணும்னு சட்டமே இருக்கு. திருத்தம் ஆனதும் பில் தானா குறையும்.

குறிஞ்சிமலர்:

அக்கா, நானும் ஊரில் பாதியில் விட்ட படிப்போடு வந்தவள், போன வருஷம்தான் டிகிரி முடித்தேன். கிரெடிட் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன்.

"எல்லாக் கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்வோம்" என்ற அதே பேச்சை நம்பி முதலில் ஒரு தனியார் ஆன்லைன் கல்லூரியில் சேர்ந்தேன். ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அத்தனையும் 'பொது விருப்பப் பாடம்' என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. என் டிகிரிக்கு வேண்டிய கணக்குப் பாடம் ஒன்றுகூடக் குறையவில்லை. அங்கே படித்த 18 கிரெடிட்டோடு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போனால், அந்த 18-ஐ இவர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை. அன்றைக்கு பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அதனால் எங்கே சேர்ந்தாலும், ஒவ்வொரு பாடமும் டிகிரியில் எந்த இடத்தை நிரப்புகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். டிகிரி ஆடிட் என்று கேட்டால் தருவார்கள். தர மறுக்கிற கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இந்திய மார்க் ஷீட்டை அப்படியே எடுக்க மாட்டார்கள், பாடவாரி மதிப்பீடு வேண்டும். நான் டபிள்யூ.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனம் மூலம் செய்தேன். ஆனால் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று முதலில் பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர எனக்கு இரண்டரை மாதம் ஆனது, நேரில் போய் விண்ணப்பிக்க ஆள் வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவோ தம்பியோ ஊரில் இருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

அப்புறம், பி.காமில் எத்தனை கிரெடிட் கிடைத்தாலும் நம்மவர்கள் எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியல் 6 கிரெடிட் படித்தே ஆகவேண்டும், மாநிலச் சட்டம் அது. அவற்றைப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் படிக்காதீர்கள். ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306 என்ற அதே எண்ணில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) ஆன்லைனில் கிடைக்கும். டெக்சஸ் முழுக்கப் பொது எண் முறை இருப்பதால் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜ், லோன் ஸ்டார், சான் ஜசின்டோ என்று பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் முகவரி எந்தக் கல்லூரியின் மாவட்டத்துக்குள் வருகிறதோ அங்கே கட்டணம் இன்னும் குறைவு, தெரு தாண்டினால்கூட மாறும்.

வரலாற்றுக்கு கிளெப் பரீட்சை எழுதியும் கிரெடிட் வாங்கலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் தளத்தில் இலவசப் பாடத்தை முடித்தால் பரீட்சைக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். நான் ஹிஸ்டரி இரண்டையும் அப்படித்தான் முடித்தேன், ராத்திரி பாத்திரம் கழுவும்போது காதில் ஹெட்போனோடு. ஆனால் 2306 டெக்சஸ் அரசியல் பற்றியது, அதற்கு கிளெப் கிடையாது, பெரும்பாலும் படித்துத்தான் ஆகவேண்டும்.

நெய்தல்:

அந்த போன் கல்லூரி பற்றி. அமெரிக்கக் கல்வித்துறையோட இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் பட்டியல் இருக்கு, பேரைப் போட்டுத் தேடுங்க. எந்த அமைப்பு அங்கீகாரம் கொடுத்திருக்குன்னும் பாருங்க. ஏ.சி.ஐ.சி.எஸ்.னு ஒரு அமைப்போட அதிகாரத்தையே 2022-ல் கல்வித்துறை எடுத்துடுச்சு, அதை நம்பிப் படிச்சவங்க நிறைய பேர் திண்டாடினாங்க. "டெக்சஸில் பாடம் நடத்த எங்களுக்கு அனுமதி இருக்கு"ன்னு சொன்னா மயங்காதீங்க. ஏறக்குறைய எல்லா மாநிலமும் ஆன்லைன் கல்விக்கான ஒரே ஒப்பந்தத்தில் இருக்கு, அதனால் பெரும்பாலான கல்லூரிக்கும் அந்த அனுமதி இருக்கும். தரத்துக்கு அது சான்று கிடையாது.

கணக்குப்பிள்ளை:

இப்போ பணம். லோன் பேச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி ஃபாஃப்சா (மத்திய அரசோட படிப்பு நிதி உதவிக்கான விண்ணப்பம்) போட்டீங்களாம்மா? கிரீன் கார்டுக்காரங்க தாராளமா போடலாம், கட்டணம் கிடையாது. போட்டுத் தர்றேன்னு காசு கேட்கிறவங்ககிட்ட போகாதீங்க.

உங்க விஷயத்தில் ஒரு சிக்கல் வரும். ஃபாஃப்சா கேட்கிறது இப்போதைய சம்பளத்தை இல்லை, சேரும் கல்வியாண்டுக்கு ரெண்டு வருஷம் முந்தைய வரி ஆண்டு வருமானத்தை. அப்போ நீங்க இந்தியாவில் இருந்திருந்தா அந்த வருமானத்தை டாலரா மாத்திக் காட்டணும். ரெண்டு பேரும் சேர்ந்து அமெரிக்க வரி தாக்கல் பண்ணாத வருஷம்ங்கிறதால வீட்டுக்காரரும் தனியா கணக்குத் திறந்து சம்மதம் கொடுக்கணும். அவர் சம்மதம் கொடுக்காம விட்டா உதவிக்கான கணக்கு அங்கேயே நின்னுடும். கல்லூரி ஆதாரம் கேட்கும், ஊர்ச் சம்பளச் சான்று கையில் வெச்சுக்குங்க.

ஃபாஃப்சா வழியா வர்ற பெல் கிராண்ட் திருப்பித் தர வேண்டாத பணம், 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர். பாதி நேரப் படிப்புக்கு அதுக்குத் தக்கபடி குறையும். கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம், இங்கே ஒரு பாடம்னு பிரிச்சா பெல் ஒரே இடத்தில்தான் வரும். ரெண்டையும் சேர்த்துக் கணக்கிடணும்னா ரெண்டு கல்லூரிக்கும் நடுவில் கன்சார்டியம் ஒப்பந்தம் வேணும், நிதி உதவி ஆபீஸில் கேளுங்க. அதுக்கும் மேல தேவைப்பட்டா அரசு லோன். தனியார் லோனை கடைசி வரைக்கும் தள்ளி வைங்க, சம்பளத்துக்கு ஏத்த தவணை மாதிரி அரசு லோனில் இருக்கிற பாதுகாப்பு அதில் கிடையாது.

பாலைக்கிளி:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஊரில் பி.எஸ்ஸி. முடித்தவள், இங்கே இரண்டாவதாக ஒரு இளநிலைப் பட்டம் படிக்க ஆசை. எனக்கும் பெல் கிடைக்குமா? என் தோழி எச்-4ல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறாள், அவளுக்கு?

கணக்குப்பிள்ளை:

உங்களுக்கு பெல் பெரும்பாலும் கிடைக்காதும்மா. முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டும்தான் அது, இந்தியாவில் வாங்கின பட்டத்தையும் பொதுவா பட்டமாத்தான் எடுத்துக்குவாங்க. கிரீன் கார்டு இருந்தா அரசு லோன் வாங்கலாம். தோழி எச்-4ல் தாராளமா படிக்கலாம், டெக்சஸில் 12 மாசம் முடிஞ்சு ஆதாரம் இருந்தா மாநிலக் கட்டணமும் கேட்கலாம். ஆனா ஃபாஃப்சா வழியா வர்ற உதவி எதுவும் கிடையாது. அப்படி இருக்கிறவங்க வீட்டுக்காரர் கம்பெனியில் படிப்பு உதவி இருக்கான்னு கேட்கிறாங்க, அது பெரும்பாலும் ஊழியருக்கு மட்டும்தான் இருக்கும்.

வைகைக்கரை:

பதினாறு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ரெசிடென்சி மாறிவிட்டது! பில் 2,130 டாலர். மெயிலைப் பார்த்ததும் முதலில் அவர் கடைக்குத்தான் போன் போட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதல் தடவை அனுப்பியது திரும்பி வந்தது. கணக்குப்பிள்ளை அண்ணா எச்சரித்த அதே கோளாறு, கடைக் கடிதத்தில் வேலையில் சேர்ந்த தேதி இல்லை. முதலாளி அன்றைக்கே மாற்றி எழுதிக் கொடுத்தார், வாரம் 45 மணி நேரம் என்றும் சேர்த்து. லைட் பில்லில் நடுவில் இரண்டு மாதம் காணாமல் போயிருந்தது, மின்சார நிறுவனத்தின் கணக்கில் இறக்கி எடுத்தேன். இரண்டாம் முறை அனுப்பிய ஆறாம் நாள் பதில்.

போன் கல்லூரியிடம் டிகிரி ஆடிட் எழுத்தில் வேண்டும் என்று கேட்டேன். சேர்ந்த பிறகுதான் தருவோம் என்றார்கள். அத்தோடு நம்பரைத் தடை செய்துவிட்டேன்.

ஃபாஃப்சாவில் அவர் சம்மதம் கொடுத்து அனுப்பியாகிவிட்டது, ஊர் வருமானத்துக்கு ஆதாரம் கேட்டு கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்த செமஸ்டரில் இரண்டு பாடத்தையும் பல்கலைக்கழகத்திலேயே வைத்துக்கொண்டேன், பெல் இரண்டு இடமாகச் சிதற வேண்டாம் என்று. கவர்ன்மென்ட் 2306-ஐ கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுப்பேன். தம்பி மதுரையில் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பித்துவிட்டான், ரசீது அனுப்பியிருக்கிறான்.

குறிஞ்சிமலர், ஒரு கேள்வி. மதிப்பீடு வர அக்டோபர் ஆகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் நான் எடுத்திருக்கும் முதல் அக்கவுன்டிங் பாடமே பி.காமில் படித்ததற்குச் சமம் என்று வந்துவிட்டால் இந்தப் பணம் வீணாகுமா?

குறிஞ்சிமலர்:

அப்படி வர வாய்ப்பு அதிகம் அக்கா. சென்சஸ் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கே ஆலோசகரிடம் பேசி, அந்த ஒரு பாடத்தை எடுத்துவிட்டு ஹிஸ்டரி 1301 போட்டுவிடுங்கள். கம்யூனிட்டி காலேஜைவிடக் கட்டணம் கூடுதல்தான், ஆனால் அது பி.காமிலிருந்து ஒருபோதும் வராத பாடம். வகுப்பு தொடங்குவதற்கு முன் மாற்றினால் பணத்தில் பிடித்தம் இருக்காது. மொத்தமாக விலகினால் மட்டும் முதல் ஐந்து வகுப்பு நாளில் 80 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கும், அதனால் எதையும் விலகல் என்று போடாமல் மாற்றம் என்றே போடுங்கள்.

வைகைக்கரை:

மாற்றிவிட்டேன். 1301-ல் கடைசி மூன்று இடம்தான் இருந்தது.