அனோமி: ‘நெறியின்மை’யா, ‘வரம்பிழப்பு’ எனலாமா?

> ஐயா, ‘நெறியின்மை’ என்றே எழுதிப் பழகிவிட்டோமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் அம்மா. நாம் மொழிபெயர்க்கும் நூலில் ‘அனோமி’ (anomie) என்ற சமூகவியல் சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது என்பதுதானே கேள்வி. ஆசைக்கும் எதிர்பார்ப்புக்கும் சமூகம் வகுத்த அளவு குலைந்துபோன நிலையை அது குறிக்கிறது.

‘நெறியின்மை’ என்றதும் ‘நெறிகெட்டவன்’ என்ற வசைதான் காதில் விழுகிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் இந்தச் சொல்லால் பேசியது தனியாளின் ஒழுக்கத்தைப் பற்றி அல்ல. பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்ல, திடீரென்று செழிக்கும்போதும் தற்கொலை கூடுகிறது என்று 1897இல் வந்த ‘தற்கொலை’ நூலில் வாதிட்டார். வறுமைதான் காரணம் என்றால் செழிப்பில் குறைந்திருக்க வேண்டுமே! இவ்வளவு கிடைத்தால் போதும் என்று சமூகம் வகுத்திருந்த அளவு இரண்டு நிலையிலும் குலைந்துபோகிறது என்பதே அவர் விளக்கம்.

இன்றைய செயலிவழி வேலையைப் பாருங்கள். பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவரின் திரையில் ‘இன்னும் 4 ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை’ என்று வரும். முடித்தால் அடுத்த இலக்கு வந்து நிற்கும். எத்தனை மணிக்கு வண்டியை நிறுத்தலாம், எவ்வளவு வந்தால் நியாயமான கூலி என்று சொல்ல மேலாளரும் இல்லை, பெரும்பாலும் சங்கமும் இல்லை. இதை ‘நெறியின்மை’ என்று எழுதினால், படிப்பவர் அந்த ஆளுக்கே புத்தி சொல்லக் கிளம்பிவிடுவார். ‘வரம்பிழப்பு’ என்றால் வரம்பை யார் போடுவது என்று கேட்கத் தோன்றும். துர்கைமும் உபதேசத்தை நம்பவில்லை. தொழில்வாரிக் குழுக்கள் வேண்டும் என்றார்.

> ‘வரம்பு மீறல்’ என்பதோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். மீறுவதற்கு வரம்பு இருந்தாக வேண்டும்; இங்கே அதுவே போய்விட்டது. இன்னொரு வசதியும் உண்டு. கட்டுப்பாடு மிகுந்து நெரிப்பதால் நேரும் தற்கொலையை துர்கைம் ஓர் அடிக்குறிப்பில் தொட்டுவிட்டுப் போகிறார். (அடிக்குறிப்போடு விட்டிருக்கக் கூடாது என்பது என் குறை.) அதை ‘வரம்பிறுக்கம்’ எனலாம். எதிரெதிர் நிலை இரண்டுக்கும் ஒரே வேர் கிடைக்கிறது. ‘நெறியின்மை’யை வைத்துக்கொண்டு இப்படி ஓர் இணை கட்ட முடியுமா, பாருங்கள்.

> அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனுக்கும் இதே சொல்தானா?

அங்கேதான் இடிக்கிறது. 1938 கட்டுரையில் அவர் காட்டுவது வேறு: சமூகம் எல்லார் முன்னும் ஒரே இலக்கை வைக்கிறது, அதை எட்டும் வழியைச் சிலருக்கே திறந்துவிடுகிறது. மூலத்தில் சொல் ஒன்றுதான் என்றாலும் பொருள் நகர்ந்துவிட்டது. மெர்ட்டனைப் பற்றிய இயலில் மட்டும் ‘இலக்கு-வழி முரண்’ என்று போடலாம். கொஞ்சம் நீளம்தான். அந்தப் பகுதியை மொழிபெயர்ப்பவர் இதைவிடச் சுருக்கமாக ஒன்று தந்தால் அதையே வைத்துக்கொள்வோம்.